நிறுவனர் படத்து விளக்கு

எங்க பள்ளிக்கூடத்துல எதைத் தொட்டாலும் முதல்ல நிறுவனர் படம் இருக்கணும், அடுத்தாப்ல கரஸ்பாண்டன்ட் சார் படம் இருக்கணும். டைரியில, ஐடி கார்டு முதுகுல, வேன் கண்ணாடியில, ஆண்டு விழா பேனர்ல, எங்கயும். நிறுவனர்ங்கிறது சாரோட அப்பா. பாபநாசம் பக்கம் அரிசி மில்லு வச்சு, மில்லு வருமானத்துல பள்ளிக்கூடம் கட்டி, அது பிளஸ் டூ வரைக்கும் வளர்ந்ததைப் பார்த்துட்டுப் போய்ச் சேர்ந்தவர். நல்ல மனுஷன்னு ஊர்ல சொல்லுவாங்க. நான் அவரைப் பார்த்ததில்லை. எனக்கு வாய்ச்சது மகன்தான். அங்க நான் தமிழ் டீச்சர்.

ஒரு தை மாசம் சார் மொழி டீச்சருங்களை மட்டும் ரூமுக்குக் கூப்பிட்டார். சென்னையில யாரோ ஆன்லைன்ல கோர்ஸ் நடத்துறாங்களாம், ஸ்மார்ட் போர்டுல பாடம் நடத்த பி.பி.டி. செய்யறது எப்படின்னு. கணக்கு, சயின்ஸ் ஆளுங்க எல்லாம் முடிச்சுட்டாங்க, மிச்சம் நாங்கதான். "மொழி எடுக்கிறவங்கதான் இன்னும் சாக்பீஸைக் கட்டிக்கிட்டு அழறீங்க. சர்டிபிகேட் இல்லாதவங்க ஜூன்ல வர வேண்டாம்"னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "டீச்சர், கோர்ஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீங்க இவங்களைத் தயார் பண்ணிடுங்க. அங்க போய் என் மானத்தை வாங்கிடக் கூடாது"ன்னார். ஒரு ஆண்டு விழாவுக்கு நாலு படத்தை அடுக்கி ஓடவிட்டேன், அதுதான் நான் செஞ்ச பாவம். அன்னையிலேருந்து அந்த ஸ்கூல்ல பிளக் பாயின்ட்ல தீப்பொறி பறந்தாக்கூட என்னைத்தான் கூப்பிடுவாங்க.

தயார் பண்ண வேண்டிய ஆளுங்கன்னு பார்த்தா ரெண்டே பேர். ஒண்ணு இங்கிலீஷ் சார். சார் தும்முனா இவர் கைக்குட்டையை எடுக்கிற ரகம். முதல் நாளே எல்லாம் தெரிஞ்ச மாதிரி உட்கார்ந்தார். அவர் செஞ்ச ஸ்லைடுல ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கத்துலேருந்து குதிச்சு வரும், கூடவே கைதட்டல் சத்தம் வேற. ஒரு வாக்கியம் வந்து சேர்றதுக்குள்ள பிள்ளைங்க டிபன் பாக்ஸைத் திறந்துடும். சொன்னா கேக்குற ஆளா? "எபெக்ட் இருந்தாத்தான் மேடம் இம்பாக்ட்"ன்னார். போய்த் தொலைங்கன்னு விட்டுட்டேன்.

இன்னொண்ணு ஹிந்தி மிஸ். பக்கத்து ஊர் முஸ்லிம் வீட்டுப் பொண்ணு. என்னைவிட வயசுல சின்னவ, என்னை அக்கான்னுதான் கூப்பிடுவா. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவ புருஷன் சவுதியிலேருந்து முதுகெலும்பு போய்த் திரும்பி வந்து வீட்டோட கிடந்தார். அவ மக எங்க ஸ்கூல்லயே பிளஸ் டூ. டீச்சர் பிள்ளைன்னா அங்க பீஸ் கிடையாது. ஆனா டீச்சர் நடுவுல நின்னா அன்னிக்கே பிள்ளையும் நிக்கணும், டி.சி.யும் லேசுல கைக்கு வராது. மார்ச்சுல பொதுப் பரிட்சை. அந்தப் பொண்ணு படிப்புல கெட்டி, நர்சிங் படிக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. "அக்கா, என் பிழைப்பு போனாப் போகட்டும். இவ பரிட்சை எழுதி டி.சி.யைக் கையில வாங்கிட்டான்னா போதும்"னு என்கிட்ட ஒருநாள் சொன்னா. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒண்ணுதான்.

சனிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் ரூம்ல வகுப்பு. ஜன்னலைத் திறந்தா அறுவடை மெஷின் கிளப்புற தூசி, சாத்தினா வேக்காடு. பாடம் எடுக்கிற ஸ்லைடு எல்லாம் பிறகு, முதல்ல வணக்கம் போடுற ஸ்லைடு. சார் உத்தரவு. முதல் ஸ்லைடுல நிறுவனர், மாலையோட, பக்கத்துல எரியுற குத்துவிளக்கோட. ரெண்டாவது ஸ்லைடுல சார். மூணாவதுலேருந்து நீங்க என்ன எழவை வேணும்னாலும் நடத்திக்கலாம். நிறுவனர் ஸ்லைடை நானே செஞ்சு ரெண்டு பேருக்கும் கொடுத்தேன். ரெண்டாவதை அவங்கவங்க செஞ்சு பழகணும்னு விட்டேன்.

அந்த விளக்குலதான் முதல் தகராறு. சுடர் ஆடுற மாதிரி வச்சிருந்தேன். அது ஒரு தடவை ஆடும், அப்புறம் மறைஞ்சுடும். சார் வந்து எட்டிப் பார்த்தார், மூஞ்சி சுருங்கிப் போச்சு. "எங்கப்பா விளக்கு ஏன் டீச்சர் அணையுது?" மனுஷனுக்கு சகுனம், ஜாதகம், பல்லி விழுற பலன் எல்லாத்துலயும் அப்படி ஒரு பயம். நெஞ்சுல ஸ்டென்ட் வச்சதுலேருந்து அது இன்னும் கூடிப்போச்சு. நான் தேடித் துழாவி ரிப்பீட்னு ஒரு இடத்தைக் கண்டுபிடிச்சேன். அதை அமுக்கினா ஸ்லைடு திரையில இருக்கிற வரைக்கும் சுடர் ஆடிக்கிட்டே இருக்கும். ரெண்டு பேருக்கும் அதைக் காட்டி, "இதை மறந்தீங்க, பெரியவர் விளக்கும் அணையும், நம்ம அடுப்பும் அணையும்"னு சொல்லிவச்சேன். ஹிந்தி மிஸ் சிரிச்சுக்கிட்டே ரெண்டு மூணு தடவை போட்டு எடுத்துப் பார்த்துக்கிட்டா. எதைச் சொன்னாலும் கையால செஞ்சு பார்த்துட்டுத்தான் விடுவா. நல்ல மாணவி.

கோர்ஸ் ஆன்லைன்ல நடக்கப்போறதால ஒத்திகையையும் ஆன்லைன்லயே வைக்கச் சொன்னார் சார். ஞாயிற்றுக்கிழமை காலையில அவங்கவங்க வீட்டுலேருந்து. என் வீட்டுக் கொல்லைக்குப் பின்னாடி சம்பா அறுத்துக்கிட்டு இருந்தாங்க. மெஷின் ஒரு சுத்து வந்து திரும்பும்போதெல்லாம் என் பேச்சு யாருக்கும் கேக்காது. சார் போனை மேஜையில மல்லாக்க வச்சுட்டார் போல, எங்களுக்குத் தெரிஞ்சது சுத்துற ஃபேனும் அவர் மூக்கு ஓட்டையும்தான். இங்கிலீஷ் சார் தன்னோடதை ஓட்டினார். நட்சத்திரம் பறந்து வந்து சார் படத்தைச் சுத்தி நின்னுச்சு. "குட், குட்"னு மூக்கு ஓட்டை பேசுச்சு.

அடுத்து ஹிந்தி மிஸ். முதல் ஸ்லைடு நிறுவனர், மாலை, விளக்கு. சுடர் அணையாம ஆடுது, எல்லாம் சரி. ரெண்டாவது ஸ்லைடு வந்துச்சு. சார் படம். நெஞ்சு வரைக்கும் தொங்குற ரோஜா மாலை. பக்கத்துல குத்துவிளக்கு. அதுலயும் சுடர் அணையாம ஆடுது.

எனக்கு என்ன நடந்துச்சுன்னு பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. புதுசா ஒண்ணு செய்யறதுக்கு பதிலா முதல் ஸ்லைடை அப்படியே நகல் எடுத்து, படத்தை மட்டும் மாத்தியிருக்கா. மாத்துனது முகம் மட்டும்தான். செத்தவருக்குப் போட்ட மாலையும் விளக்கும் அப்படியே உயிரோட இருக்கிறவர் கழுத்துக்கு வந்துடுச்சு. நம்ம பக்கம் மூணு வயசுப் பிள்ளைக்குத் தெரியும், மாலை போட்டு விளக்கு வச்ச படம்னா அந்த ஆள் இல்லைன்னு. அவ வீட்டுல செத்தவங்க படத்தைச் சுவத்துல மாட்டுற வழக்கமே கிடையாது. பிறகு அவளே சொன்னா: "மேடையில ஏத்துறவங்களுக்கும் மாலை போடுறாங்க, விழான்னா விளக்கு ஏத்துறாங்க. பெரியவருக்குச் செஞ்ச மரியாதையை சாருக்குக் குறைச்சா தப்பாயிடுமேன்னு நெனச்சேன்க்கா." மரியாதை குறையக்கூடாதுன்னு பயந்துதான் பாவி மக அந்தக் காரியத்தைச் செஞ்சிருக்கா.

ஃபேன் மறைஞ்சு சாரோட முழு முகமும் திரைக்கு வந்துச்சு. ஒரு கை நெஞ்சுல இருந்துச்சு. நான் "மிஸ், அடுத்த ஸ்லைடு போங்க, அடுத்தது போங்க"ன்னு கத்தறேன், மெஷின் சத்தத்துல அவளுக்குக் கேக்கலை. அந்த நேரம் பார்த்து இங்கிலீஷ் சார், "அய்யய்யோ! சாருக்கு மாலை போட்டு விளக்கும் ஏத்திட்டாங்களே மேடம்! அபசகுனமாச்சே!"ன்னார். சார் கவனிக்காம விட்டிருந்தாலும் இந்தப் புண்ணியவான் விட்டிருக்க மாட்டார்.

திங்கக்கிழமை என்னையும் ஹிந்தி மிஸ்ஸையும் சார் ரூமுக்குக் கூப்பிட்டார். திட்டுவார்னு நெனச்சேன், திட்டலை. திட்டித் தொலைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அமைதியா, சிரிச்ச மாதிரி கேட்டார்: "பொண்ணு எந்த குரூப் மிஸ்?" பயாலஜின்னு சொன்னா. "பரிட்சைக்கு ஹால் டிக்கெட்டு நம்ம கையாலதான் கொடுக்கணும், இல்ல?" அவ தப்பை ஒத்துக்கிட்டா, தெரியாம செஞ்சேன்னு சொன்னா, கும்பிட்டா. அவர் கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "தெரியாமத்தான் செஞ்சீங்க, நம்புறேன். ஆனா என் தலையில வச்சதை எங்கயாவது இறக்கி வைக்கணுமே. ஒண்ணு பண்ணுங்க. அதே ஸ்லைடு, அதே மாலை, அதே விளக்கு. என் படத்தை எடுத்துட்டு உங்க படத்தை வைங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் பார்க்க ஓட்டுங்க"ன்னார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. "என்ன சார் இது? அவங்க வீட்லயும் புருஷன் பிள்ளைங்க இருக்காங்க. உங்க உயிர்தான் வெல்லக்கட்டியா?"ன்னு கேட்டேன். "உங்களுக்கும் ஒரு படம் வேணுமா டீச்சர்? விளக்குல எண்ணெய் நிறைய இருக்கு"ன்னார். நான் பதில் சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ள அவ என் முந்தானையைப் பிடிச்சு இழுத்தா. "செய்யறேங்க சார்"னா. வெளியில வந்ததும் அவளைப் பிடிச்சு உலுக்கினேன். உனக்கு ரோஷமே இல்லையாடின்னு கேட்டேன். "பரிட்சை முடியட்டும்க்கா"ன்னா.

அந்த வாரம் சார் குடும்பத்தோட திருக்கடையூர் போய் ஆயுள் ஹோமம் பண்ணிட்டு வந்தார். நெத்தி நிறைய விபூதியோட ஸ்டாஃப் ரூமுக்கு வந்து எல்லாருக்கும் பிரசாதம் கொடுத்தார். ஹிந்தி மிஸ் பக்கம் வந்தப்போ கையை மடக்கிக்கிட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டார். இவ நீட்டின கை நீட்டினபடி நின்னுச்சு.

ஞாயித்துக்கிழமை ஆன்லைன்ல கூட்டம். நாங்க மட்டும் இல்லை. கணக்கு, சயின்ஸ், ஆபீஸ் ஆளுங்க, டிரில் மாஸ்டர் வரைக்கும் வரச்சொல்லியிருந்தார். அன்னிக்கு போனை ஒழுங்கா நிமிர்த்தி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அவ ஸ்லைடைப் போட்டா. ஐடி கார்டுக்கு எடுத்த படம், தலையில முக்காடு, பயந்த கண்ணு. அந்த முகத்துக்குக் கீழே ரோஜா மாலை. பக்கத்துல விளக்கு. "சரி, அடுத்த ஸ்லைடுக்குப் போகாதீங்க. இதை வச்சுக்கிட்டே பாடம் நடத்துங்க, எப்படி எடுக்கறீங்கன்னு பார்க்கலாம்"னார். ஆறாவது ஹிந்தியில பழங்க பேரு பாடம். தன் படத்துக்கு மாலை தொங்குது, அவ மாம்பழம், வாழைப்பழம், கொய்யாப்பழம்னு ஹிந்தியில சொல்லிக்கிட்டு இருக்கா. குரல் ரெண்டு இடத்துல உடைஞ்சுச்சு. இங்கிலீஷ் சார் கைகூப்புற பொம்மையை அனுப்பினார். அதைப் பார்த்து இன்னொருத்தர், அப்புறம் இன்னொருத்தர். திரை முழுக்க கைகூப்பு மேல கைகூப்பா மிதந்து போச்சு. சிரிக்கக் கூடாதேன்னு ஒண்ணு ரெண்டு பேர் கேமராவை அமத்தினாங்க. சிரிச்சவங்க சிரிக்கத்தான் செஞ்சாங்க.

"போதும் நிறுத்துங்க சார், நீங்கள்லாம் மனுஷங்களா?"ன்னு நான் கத்தினேன். யாரும் திரும்பலை. அப்புறம்தான் பார்க்கிறேன், சார் என்னை மியூட் பண்ணி வச்சிருக்கார். எப்படி மியூட் பண்றதுன்னு அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். வெறும் திரையைப் பார்த்து வாய்க்கு வந்ததெல்லாம் திட்டித் தீர்த்தேன். எங்க வீட்டுக்காரர் அடுப்படியிலேருந்து ஓடிவந்து யாரு செத்துட்டாங்கன்னு கேட்டார்.

அந்தப் படத்தை எவனோ போன்ல பிடிச்சு அனுப்பியிருக்கான். ரெண்டே நாள்ல பிளஸ் டூ பிள்ளைங்க கைக்குப் போயிடுச்சு. ஒருநாள் காலையில அவ மக வகுப்புக்குப் போனப்போ அவ உட்கார்ற பெஞ்சுல செவ்வந்திப் பூ தூவி வச்சிருந்தாங்களாம். அந்தப் பொண்ணு நேரா ஸ்டாஃப் ரூமுக்கு வந்துச்சு. அழலை. "ம்மா, வா போகலாம். எனக்குப் பரிட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம்"னுச்சு. எங்க எல்லார் முன்னாடியும் அவ மகளோட கன்னத்துல ஒரு அறை விட்டா. அவ யாரையும் அடிச்சு நான் பார்த்தது அன்னிக்குத்தான். "போய்ப் படி"ன்னா. பொண்ணு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வகுப்புக்குப் போச்சு. இவ பாத்ரூம் போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. நான் வெளியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கு அந்த ஸ்கூலையே கொளுத்திடலாமான்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம் கோர்ஸ் ஆரம்பிச்சு நடந்து முடிஞ்சுச்சு. எல்லாருக்கும் சர்டிபிகேட் வந்துச்சு. அவ ஒரு வகுப்பைக்கூட விடலை. ஸ்லைடை வீடியோவா மாத்துறது, படம் மெல்ல மேலேருந்து இறங்குறது, பின்னாடி இசை சேர்க்கறது, ஒவ்வொண்ணா என்கிட்ட சந்தேகம் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டா. எதுக்குடி இவ்வளவு மெனக்கெடறேன்னு கேட்டா, "பாடம் நல்லா வரணும்ல அக்கா"ன்னுவா. மார்ச்சுல மக பரிட்சை எழுதினா, மே மாசம் ரிசல்ட் வந்துச்சு. நல்ல மார்க்கு. ஸ்கூல் வாசல்ல சார் ஃபிளெக்ஸ் வச்சார். அதுலயும் மேல நிறுவனர், அடுத்து அவர், கடைசியில தபால்தலை அளவுக்கு அந்தப் பொண்ணு.

மகளோட டி.சி. வாங்க ஹிந்தி மிஸ் வந்த அன்னிக்கு நான் ஆபீஸ்லதான் இருந்தேன். சார் தன் கையாலயே எடுத்துக் கொடுத்தார். "ஜூன்ல வந்துடுங்க மிஸ். நான் எதையும் மனசுல வச்சுக்கிறவன் இல்லை"ன்னார். அடுப்புல போட்டவனே வெந்துச்சான்னு கேட்ட கதையா இருந்துச்சு. அவ டி.சி.யைப் பிரிச்சு, கையெழுத்து இருக்கா, சீல் இருக்கான்னு நிதானமாப் பார்த்தா. மடிச்சுப் பையில வச்சா. "ரொம்ப நன்றிங்க சார்"னு சொல்லிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிட்டுப் போனா.

மத்தியானம் சாப்பிட்டு எழுந்திருக்கிறேன், ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ. அவதான் அனுப்பியிருந்தா. அனுப்பிட்டு குரூப்பை விட்டும் போயிட்டா.

போட்டுப் பார்த்தேன். கருப்புத் திரையில சார் படம் மெல்லத் தெளிஞ்சு வருது. கோர்ஸ் முடிஞ்சதும் 'டிஜிட்டல் பள்ளி'ன்னு அடிச்ச நோட்டீஸுக்காக அவர் கோட்டு போட்டு எடுத்துக்கிட்ட படம். மேலேருந்து ரோஜா மாலை ஆடாம அசையாம இறங்கி, கழுத்துல சரியா உட்காருது. வலது பக்கம் குத்துவிளக்கு. நாதஸ்வரம் வேற, மெதுவா. சுடர் ஒருக்கா இந்தப் பக்கம் ஆடுது, ஒருக்கா அந்தப் பக்கம் ஆடுது. அப்புறம் அணையுது. புகை மாதிரி ஒண்ணு எழும்பி, திரை இருட்டாகுது. ஒரு எழுத்துகூட இல்லை, திட்டு இல்லை, பேரு இல்லை. நான் கோர்ஸுக்குத் தயார் பண்ணின ஆளுங்க செஞ்சதுலயே குறை சொல்ல முடியாத வேலை அது ஒண்ணுதான். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சந்தோஷத்துல எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, மறைக்க என்ன இருக்கு.

சாயங்காலம் சார்கிட்டேருந்து போன். குரலே வேற மாதிரி இருந்துச்சு. பின்னாடி வீட்டம்மா அழற சத்தம்.

"டீச்சர்... பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க சார்."

"போலீசுக்குப் போகலாம்னா, என்னன்னு எழுதிக் கொடுக்கறது?"

"அழிச்சு விட்டுடுங்களேன் சார்."

"ஜோசியரைக் கேட்டேன். விளக்கு அணைஞ்ச நிலையில விட்டு அழிக்கக் கூடாதாம். எரிஞ்சுக்கிட்டு இருக்கிற மாதிரி மாத்திட்டுத்தான் அழிக்கணுமாம்." வீட்டம்மாவைச் சும்மா இருக்கச் சொல்லிட்டுக் கேட்டார்: "அப்பா படத்துல மட்டும் அணையாம எரியுதே டீச்சர். அது எப்படி?"

ரிப்பீட் பொத்தான் எங்க இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அவ முகம், அந்த மாலை, மாம்பழம் வாழைப்பழம்னு உடைஞ்ச குரல், எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு.

"அது செத்தவங்களுக்கு மட்டும்தாங்க சார் வரும்"னேன். "உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, போட்டுத் தர்றேன்."